வைட்டமின் டி: வாரம் ஒன்றா, தினம் ஒன்றா?

ராஜபாளையம், செட்டியார்பட்டி வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஷிப்ட் முழுக்க மில்லுக்குள் நிற்பவர்கள் மேல் அது படுவதில்லை. வைட்டமின் டி குறையலாம்.

• பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (2020). மருத்துவர் சொல்லாமல் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

• 60,000 யூனிட் மாத்திரையைப் பொதுவாக வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டுமே எழுதித் தருவார்கள். அதைத் தினமும் விழுங்குவது பெரும் ஆபத்து.

• மிஞ்சிய வைட்டமின் உடலின் கொழுப்பில் தங்கும், ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் பழுதாகலாம். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

• சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.