பள்ளியில் கற்ற மரியாதை கடையில் கெடலாமா?



தராசின் இரு தட்டுகளும் ஒத்து நிற்க வேண்டும் என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் ஒழுக்கமும் இரு தட்டுகளில்தான் நிற்கிறது. ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று நம் வீடும் கடையும். இவ்விரண்டும் ஒத்துப் போகின்றனவா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராய வேண்டிய விஷயம்.

பள்ளி கற்பிப்பது யாது?

சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் காலையில் கொடியேற்றி, தேசிய கீதம் பாடி, வலக்கையை மடக்கி நெஞ்சில் வைத்து உறுதிமொழி கூறுகிறார்கள். அமைச்சராயிருந்த எஸ். ராஜரத்தினம் அவர்கள் எழுதிய அதனை, 1966 ஆகஸ்டு 24-ம் தேதி முதல் மாணவர்கள் கூறி வருகின்றனர். இனம், மொழி, சமயம் என்னும் பேதம் பாராட்டாமல் ஒரே மக்களாக வாழ வேண்டும் என்பதே அதன் சாரம்.

மரியாதை, பொறுப்புணர்வு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்னும் ஆறு பண்புகளைக் கல்வி அமைச்சு அடிப்படையாக வைத்திருக்கிறது. அவற்றுள் முதலில் சொல்லப்படுவது மரியாதை. இது ஏட்டோடு நிற்பதில்லை. 2017-ம் ஆண்டு முதல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் தினமும் சிறிது நேரம் தங்கள் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள். விளக்குமாற்றைத் தன் கையால் பிடித்த பிள்ளை, அதைப் பிடித்துப் பிழைப்பவரை இளக்காரமாகப் பார்க்காது.

ஜூலை 21-ம் தேதியைப் பள்ளிகள் 1997 முதல் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கின்றன. அந்தத் தேதி நம் நெஞ்சிலும் பதிந்திருக்க வேண்டியது. 1964-ல் அதே நாளில், மீலாது ஊர்வலம் சென்றபோதுதான் இனக் கலவரம் மூண்டது. அந்த ஜூலைக் கலவரத்தில் 23 பேர் மாண்டனர். ஒருவரையொருவர் மதிக்கத் தவறினால் விளைவது என்ன என்பதைப் பிள்ளைகள் அன்று கேட்டறிகிறார்கள்.

கடை கற்பிப்பது யாது?

பள்ளி விட்டதும் பையன் கடைக்கு வருகிறான். கல்லாப்பெட்டிக்கு அருகில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். கண் புத்தகத்தில் இருந்தாலும் காது நம்மிடம் இருக்கிறது. காரில் வந்து இறங்கியவருக்கு, “வாங்க, உட்காருங்க” என்கிறோம். அழுக்குச் சட்டையோடு வந்த தொழிலாளியிடம், “என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு” என்கிறோம். தகப்பனார் வயதுள்ள சிப்பந்தியை “அடேய்” என்று கூப்பிடுகிறோம். வேற்றினத்து வாடிக்கைக்காரர் படியிறங்கியதும் ஒரு பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கிறோம். சரக்குக்காரர் பாக்கி கேட்டு அழைத்தால், “அத்தா இல்லை என்று சொல்” எனப் பிள்ளையிடமே தொலைபேசியை நீட்டுகிறோம். ஐந்தடி நடைபாதை முழுவதும் நம் அட்டைப் பெட்டிகள். கைத்தடி ஊன்றி வரும் கிழவர் சாலையில் இறங்கி நடக்கிறார்.

எல்லோரும் இப்படி என்பதல்ல. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் நம்மிடம் உண்டா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆசிரியர் ஓராண்டு முழுவதும் சொன்னதை, தகப்பனாரின் ஒரு வார்த்தை அழித்துவிடக்கூடும்.

மார்க்கம் கூறுவது யாது?

இதில் பள்ளியும் மார்க்கமும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் சிறு பிராயம் முதல் பத்து ஆண்டுகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் நாயகம் அவர்கள் தம்மை ஒருமுறைகூடச் “சீ” என்று சொன்னதில்லை என அவர்களே அறிவித்திருக்கிறார்கள். முதலாளிகளாகிய நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. கர்வத்தால் மக்களிடமிருந்து முகத்தைத் திருப்பாதே என்று லுக்மான் (அலை) அவர்கள் உபதேசித்தது, தம் சொந்த மகனுக்கன்றோ?

“கண்டிப்பு இல்லாவிட்டால் கடை நடக்காதே!” என்று சிலர் கேட்கலாம். கண்டிப்பு வேறு, இழிவுபடுத்துதல் வேறு. கடைப் பையன் புட்டியை உடைத்துவிட்டால், எப்படி அடுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுப்பது கண்டிப்பு. அவனைப் பெற்றவர்களை இழுத்துப் பேசுவது இழிவு. முன்னதால் வேலை திருந்தும். பின்னதால் மனம் கசக்கும், பார்த்திருக்கும் நம் பிள்ளையின் நாவும் கெடும்.

நாம் செய்யத்தக்கவை

கல்வியில் வியாபாரிக்குப் பங்குண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை ஏற்படுத்தியது. 1982-ல் அப்பள்ளி மூடப்பட்டாலும், உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று சமூகமே பள்ளி கட்ட வேண்டியிருந்தது. இன்று பள்ளி நம்மிடம் கேட்பது கட்டடம் அல்ல, நம் நடத்தையை.

முதலாவது: கடையில் வேலை செய்யும் மூத்தவர்களை அண்ணன், மாமா என்று முறை சொல்லி அழைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள், நீங்களும் அவ்வாறே மரியாதையாய் அழையுங்கள்.

இரண்டாவது: பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் சொல்லாதீர்கள். “இன்று பணம் இல்லை, வெள்ளிக்கிழமை தருகிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள்.

மூன்றாவது: ஆசிரியர் குறை கூறி அழைத்தால், முதலில் முழுவதும் கேளுங்கள். பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரை ஏசாதீர்கள்.

நான்காவது: பள்ளிக்குச் செல்லும்போது வாயிற்காவலருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒரு வணக்கமோ ஸலாமோ கூறுங்கள். பிள்ளை அதைக் கவனிக்கும்.

இன்றிரவு கடையடைத்து வீடு சென்றதும், “இன்று பள்ளியில் யாருக்கு உதவி செய்தாய்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள். அதே கேள்வியைப் பிள்ளை நம்மிடம் திருப்பிக் கேட்டால், சொல்வதற்கு ஒரு பதில் நம்மிடமும் இருக்கட்டும். சொல்லும் செயலும் ஒத்து வாழும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.