மாரி மழையில் மேயும் மாடுகளை வளர்ப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் இறந்தன. மழை மட்டும் என்றால் மாடு தாங்கும். நனைந்த உடம்பில் காற்றும் அடித்து, வயிறும் வெறுமையாக இருந்தால் தாங்காது. பாண்டிருப்பு, கல்முனைப் பக்கம் மாடு வளர்ப்போர் ஐப்பசி பிறக்குமுன் கவனிக்க வேண்டியவை இவை.

1. பெரும்போக விதைப்போடு வயல் மேய்ச்சல் முடிந்துவிடும். மாடுகளைத் தூர மேய்ச்சல் தரைக்கு அனுப்பினாலும் மெலிந்த மாடு, நிறைமாதப் பசு, இளங்கன்று ஆகியவற்றை வீட்டோடு வைத்திருங்கள்.

2. தொண்டை அடைப்பான், கால்வாய் நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசி பற்றி அரச கால்நடை வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு, மூன்று வாரம் செல்லும்.

3. பட்டியை மேட்டில் அமையுங்கள். கடலோர மணல் மேட்டில் தண்ணீர் விரைவில் வடியும். வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகால் மறையுங்கள்.

4. சிறுபோக வைக்கோலைத் தடி பரப்பி அதன்மேல் அடுக்கி, படங்கால் மூடுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கொடுக்கவே வேண்டாம்.

5. குளிரான இரவில் வைக்கோலைத் தாராளமாகப் போடுங்கள். அது வயிற்றில் புளித்துச் செரிக்கும்போது உண்டாகும் சூடுதான் மாட்டுக்குக் கணகணப்பு.

6. மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வெறும் வயிற்றில் மேயவிட்டால் கழிச்சலும் வயிற்று உப்புசமும் வரலாம். முதலில் கொஞ்சம் வைக்கோல் கொடுத்துவிட்டு அவிழ்த்துவிடுங்கள். இடப்பக்க வயிறு புடைத்தால் தாமதிக்காமல் வைத்தியரை அழையுங்கள்.

7. குடற்புழுக்களின் குஞ்சுகள் ஈரப்புல்லில் ஏறி நிற்கும். வெயில் பட்டுப் புல் உலர்ந்தபின் மேயவிடுங்கள். நத்தை மலிந்த வாய்க்கால் ஓரங்களில் தட்டைப்புழு தொற்றும், அங்கே கட்டாதீர்கள்.

8. சேற்றில் நின்ற மாட்டின் குளம்பிடுக்கைப் பின்னேரம் கழுவிப் பாருங்கள். புண்ணோ துர்நாற்றமோ இருந்தால் உலர்ந்த தரையில் கட்டி, மருந்து போடுங்கள்.

9. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடிமின்னல் அதிகம். தனிமரத்திலோ கம்பி வேலியிலோ மாட்டைக் கட்ட வேண்டாம்.

10. மழை இரவுகளில் மாடுகள் உலர்ந்த இடம் தேடித் தார்வீதியில் படுக்கும். மட்டக்களப்பு–கல்முனை வீதியில் வாகனங்கள் இரவிலும் ஓடும். பொழுது படுமுன் மாடுகளைப் பட்டியில் அடையுங்கள். வீதியில் படுத்தால் மாட்டுக்கும் ஆபத்து, மோட்டார் சைக்கிளில் வருபவருக்கும் ஆபத்து.

11. நீங்கள் காலில் காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் தொற்றும். காய்ச்சலும் தசைநோவும் கண்டால் வைத்தியசாலைக்குப் போய், சேற்றில் நின்றதைச் சொல்லுங்கள்.

12. நனைந்து நடுங்கும் மாட்டைச் சாக்கால் துடைத்து, காற்றுப் படாத இடத்தில் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் காட்டுங்கள். எழும்பாமல் படுத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

மேடும் மறைப்பும் வைக்கோலும் பெரிய செலவில்லை. மழை வருமுன் இந்த மூன்றையும் ஆயத்தம் செய்துவிடுங்கள்.