ஆடும்போதே அடுத்த வேலை

உடல் வலுவை நம்பிய வேலையா உங்களுடையது? அப்படியென்றால் கேல் ஹப்பர்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 1900இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். 1927இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காகத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஆட வந்தார். முன்வரிசையில் நின்று எதிராளிகளை முட்டித் தடுப்பது அவர் வேலை. புள்ளி எடுக்கும் பெயர் இன்னொருவருக்கு, அடி வாங்குவது இவர். எடை 113 கிலோவுக்கு மேல். அந்த உடம்போடு வேகமாகவும் ஓடுவார். அவர் சேர்ந்த ஆண்டே ஜயன்ட்ஸ் பட்டம் வென்றது. 13 ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது மொத்தம் 20 புள்ளிகள்தான்.

அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடங்கள் நான்கு.

1. ஒத்துவரும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். நியூயார்க்கின் பரபரப்பு அவருக்கு ஒட்டவில்லை. சிறிய ஊரான கிரீன் பே பிடித்திருந்தது. மாற்றம் கேட்டு பேக்கர்ஸ் அணிக்குப் போனார். 1929, 1930, 1931 என மூன்று ஆண்டுகளும் பட்டம் அந்த அணிக்கே.

2. முதல் வேலை செழிக்கும்போதே இரண்டாவதைப் பழகுங்கள். கால்பந்து இல்லாத கோடையில், 1928 முதலே, சிறிய பேஸ்பால் லீகுகளில் நடுவராக நின்றார். 1936இல் பேஸ்பாலின் உயர்மட்ட லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் அவரை எடுத்துக்கொண்டது. கால்பந்தில் அவர் கடைசியாக ஆடியதும் அதே ஆண்டில்தான். முதல் வேலை முடியுமுன்பே இரண்டாவது வேலை கையில் இருந்தது.

3. தேயாத திறமையைச் சேர்த்து வையுங்கள். தோள்வலு வயதோடு குறையும். விதிநூல் அறிவு வயதோடு கூடும். வாதாட வந்த வீரர்களை அவருடைய ஆகிருதி தயங்க வைத்திருக்கலாம். தீர்ப்பை நிலைக்கச் செய்தது விதிகளில் அவருக்கிருந்த தேர்ச்சி.

4. அடி விழுந்தாலும் துறையை விடாதீர்கள். 1951இல் வேட்டையின்போது கண்ணில் காயம்பட்டு, களத்தில் நடுவராக நிற்க முடியாமல் போனது. நடுவர்களை மேற்பார்வையிடும் பொறுப்புக்கு மாறி, 1969 வரை உழைத்தார்.

கால்பந்தின் புகழ்மன்றம் 1963இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. பேஸ்பாலின் புகழ்மன்றம் 1976இல். இரண்டிலும் இடம்பெற்றவர் அவர் ஒருவரே.

உங்கள் தொழிலில் வேலை குறையும் மாதங்கள் எவை என்று இன்றே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில், சம்பளம் குறைவானாலும், அடுத்த வேலையின் அடிமட்டத்தில் போய் நில்லுங்கள். தேவை வருமுன் தொடங்கினால்தான் தவறு செய்து கற்கவும் நேரம் இருக்கும்.