கிணற்றில் போட்ட கல்

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று நமக்குப் பலர் சொல்லித் தந்திருக்கிறார்கள். பேட்டியில் எப்படி அமர்வது, எப்படிப் பேசுவது, டை கட்டலாமா கூடாதா என்பதற்கெல்லாம் நூல்கள் இருக்கின்றன; வகுப்புகள்கூட நடக்கின்றன. ஆனால் பேட்டி முடிந்து, கைகுலுக்கி, "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்ற சொல்லையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு அந்த நிறுவனம் வாயே திறக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? இந்தப் பாடத்தை நடத்துவார் இல்லை. பட்டம் பெற்று வெளியே போக இருக்கும் நம் மன்றத்து நண்பர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். நான் இதைப் படித்துக் கற்கவில்லை, இழந்து கற்றேன்.

திலக் நகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லோகமான்ய திலக் முனையம் இருக்கிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் வண்டிகள் அங்கே வந்து நிற்கின்றன. ஒரு பெட்டியும் சான்றிதழ் உறையுமாக இறங்கும் இளைஞர்களை நான் சிறுவயது முதல் பார்த்து வந்திருக்கிறேன். செம்பூரிலோ தாராவியிலோ மாதுங்காவிலோ ஒரு மாமா வீடு, ஒரு சித்தப்பா வீடு. அங்கே கூடத்தில் ஒரு பாய் விரிக்க இடம். அப்படி வந்தவனுக்கு ஒரு வாரத் தாமதம் என்பது வெறும் ஏழு நாள் அன்று. அத்தை பரிமாறும் சோற்றைத் தலைகுனிந்து உண்ணும் பதினான்கு வேளை.

எனக்குச் சொந்த வீடு இங்கேயே இருந்தது. ஆகவே அந்தத் துன்பம் இல்லை. வேறு துன்பம் இருந்தது. 2016-ஆம் ஆண்டு மழைக்காலம். அப்பா ஓய்வு பெற்ற ஆண்டு. தங்கை கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டு. நான் பி.காம். முடித்து அந்தேரிப் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். பெயர் வேண்டா. மூன்று சுற்றுப் பேட்டி நடந்தது. மூன்றாவதின் முடிவில் ஓர் அதிகாரி, "இந்தச் சம்பளம் உங்களுக்குச் சம்மதமா? என்றைக்கு வந்து சேர முடியும்?" என்று கேட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? போதாக்குறைக்கு அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். மறுநாள் மாலை அவர் கைப்பேசியில் அழைத்து, "தம்பி, உன் பேரு முடிவாயிட்டு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார். அம்மா சேடா நகர் முருகன் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் செம்பூரிலேயே ஒரு சிறு கம்பெனி எனக்கு நியமனக் கடிதத்தைக் கையில் நீட்டியது. சம்பளம் மாதம் நாலாயிரம் ரூபாய் குறைவு. மூன்று நாளுக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். நான் பணிவாக மறுத்து எழுதிவிட்டேன். அந்தேரியிலிருந்து ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, மாதம் ஐந்தாயிற்று. என் மின்னஞ்சல்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாயின. தொலைபேசியில் அழைத்தால் "அவர் கூட்டத்தில் இருக்கிறார்" என்று பதில். தங்கையின் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அண்ணாச்சி பொய் சொன்னாரா? இல்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பாவெல் எதிர் லீ என்பது அதன் பெயர். பாவெல் என்பவர் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். பள்ளி நிர்வாகிகள் கூடி அவரையே நியமிப்பது என்று தீர்மானித்தார்கள். ஆனால் அதை அவருக்குத் தெரிவிக்கும்படி யாரையும் பணிக்கவில்லை. நிர்வாகிகளுள் ஒருவர் தாமாகவே அவருக்குச் செய்தி சொல்லிவிட்டார். பிறகு நிர்வாகிகள் மீண்டும் கூடி, முன் தீர்மானத்தை விலக்கி, வேறொருவரை நியமித்தார்கள். பாவெல் வழக்குத் தொடுத்தார், தோற்றார். உள்ளே எடுத்த முடிவு உரியவர் வாயிலாக வெளியே வந்து சேர்ந்தால்தான் ஒப்பந்தம் உண்டாகும், வழியில் கேட்ட செய்தியால் உண்டாகாது என்று தீர்ப்பாயிற்று. சட்ட மாணவர்கள் இதை இன்றும் படிக்கிறார்கள். எங்கள் அண்ணாச்சியும் அந்த நிர்வாகியைப் போன்றவர்தாம். நல்லெண்ணம் இருந்தது, அதிகாரம் இல்லை. வேலைக் காரியத்தில் நம்மை மிகுதியும் ஏமாற்றுவது பகைவரின் பொய் அன்று, வேண்டியவரின் மெய் என்பது என் கருத்து.

"மௌனம் சம்மதம்" என்பது நம் வழக்கு. கல்யாணப் பேச்சில் அது சரியாக இருக்கலாம். சட்டம் அதை ஏற்பதில்லை. 1862-இல் ஃபெல்த்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்ற வழக்கில் ஒரு குதிரை இதை நமக்குக் கற்பித்தது. ஒருவர் தம் உடன்பிறந்தாரின் மகனுக்கு எழுதினார்: "உன்னிடமிருந்து மறுமொழி வராவிட்டால் குதிரை 30 பவுன் 15 ஷில்லிங்குக்கு எனக்கே என்று கொள்வேன்" என்பது கருத்து. மறுமொழி வரவில்லை. குதிரை தவறுதலாக ஏலத்தில் போயிற்று. பெரியவர் ஏலக்காரர்மேல் வழக்குப் போட்டார். ஒருவனுடைய மௌனத்தைச் சம்மதமாக்க இன்னொருவனால் முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நம் நாட்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் முன்மொழிவும் ஏற்பும் தெரிவிக்கப்பட வேண்டியவை என்றே சொல்கிறது. வாய்ச்சொல்லாலும் ஒப்பந்தம் உண்டாகலாம் என்பது மெய்யே. ஆனால் மெய்ப்பிப்பது யார்? அதிலும் அந்த அதிகாரி என்னைப் பார்த்து "வேலை தருகிறோம்" என்று சொல்லவில்லை, "சம்மதமா?" என்று கேட்டார். கேள்வியை நான் வாக்குறுதியாக வாங்கிக்கொண்டேன்.

சரி, அவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள்? செருக்கு என்று எண்ணுவோம். சில இடங்களில் அது உண்டு. பெரும்பாலும் காரணம் வேறு. இப்போது ஆள்சேர்க்கும் பணியில் இருக்கும் நண்பர்களைக் கேட்டறிந்து சொல்கிறேன். ஒரு பதவிக்கு மூவரைத் தேறியவர் என்று வைத்துக்கொள்கிறார்கள். முதல்வனுக்குக் கடிதம் போகிறது. அவன் இருக்கும் வேலையை விட்டு வர இரண்டு மாதம், மூன்று மாதம் என்று அறிவிப்புக் காலம் இருக்கிறது. அவன் கடைசி நாளில் வராமல் போனாலும் போகலாம். ஆகவே இரண்டாமவனுக்கு "இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை; "உண்டு" என்று சொல்லவும் முடியாது. பந்தலுக்கு வெளியே நிற்கும் மாற்று மாப்பிள்ளை போல அவன் நிற்கிறான், தான் மாற்று என்பதை அறியாமலே. சில வேளைகளில் பதவிக்கு ஒதுக்கிய பணத்தை மேலிடம் நிறுத்தி வைத்துவிடுகிறது. பேட்டி கண்டவருக்கே அது தெரியாது. வேறு சில வேளைகளில் பேட்டி கண்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இவற்றுள் எதுவும் உங்கள் தகுதியைப் பற்றியது அன்று. பதில் வராத இளைஞன் ஒவ்வொரு நாளும் தன்னையே குறைத்துக் கொள்கிறானே, அது வீண்.

இனிச் செய்ய வேண்டியது. பேட்டி முடிந்து எழுமுன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "முடிவை என்றைக்குள், யாரிடமிருந்து எதிர்பார்க்கலாம்?" நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் வந்தேன். அன்று மாலையே இரண்டு வரியில் நன்றி எழுதி, அவர் சொன்ன தேதியையும் அதில் குறித்துவிடுங்கள். வாய்ச்சொல் அதனால் எழுத்தாகிறது. அந்தத் தேதி கடந்து மூன்று, நான்கு வேலை நாள் பொறுங்கள். பிறகு ஒரு கடிதம். அது எப்படி இருக்க வேண்டும்? இவ்வளவு போதும்:

"ஐயா, இன்ன தேதியில் இன்ன பதவிக்கு என்னைப் பேட்டி கண்டீர்கள். இன்ன தேதிக்குள் முடிவைத் தெரிவிப்பதாகக் கூறினீர்கள். இப்பதவியில் எனக்கு இன்றும் ஆர்வம் உண்டு. வேறோர் இடத்துக்கு நான் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அதற்குள் தங்கள் நிலையைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லாத அழைப்பை இருப்பதாகக் காட்டினால் "அப்படியானால் அங்கேயே போங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டுமே! "பலமுறை எழுதியும்", "என் குடும்ப நிலை" போன்ற சொற்கள் வேண்டா. ஒரு வாரம் கழித்து இன்னொரு கடிதம், அல்லது ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்குப் பின் நிறுத்திவிடுங்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. கோபக் கடிதம் அறவே கூடாது. நானும் ஒன்று எழுதி அனுப்பினேன். அதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இவற்றினும் பெரியது ஒன்று. கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். வருகிற வேலையைத் தள்ளாதீர்கள். மற்ற இடங்களில் விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். மூல சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. காத்திருக்கும் இளைஞனிடம் "பதிவுக் கட்டணம்" கேட்பவன் வேலை தருபவன் அல்லன்.

கடிதம் வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுவும் இல்லை. இன்ஃபோசிஸ் நிறுவனம் 2022-இல் பட்டம் பெற்றவர்கள் பலருக்கு வேலைக்கான கடிதம் கொடுத்தது. அவர்களுள் ஏறத்தாழ 2000 பேர் சேரும் நாள் தெரியாமல் இரண்டாண்டு காத்திருந்தார்கள் என்று புனேயைச் சேர்ந்த 'நைட்ஸ்' என்ற தகவல் தொழில்நுட்பப் பணியாளர் சங்கம் 2024-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. செய்தி நாடெங்கும் பரவியது. கடிதம் கொடுத்த அனைவரையும் சேர்த்துக்கொள்வோம் என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் அறிவித்தார். 2024 அக்டோபரில் சேர்க்கை தொடங்கிற்று. தனி ஒருவனின் பத்து மின்னஞ்சல் செய்யாததைச் சங்கம் எழுதிய ஒரு மனு செய்தது. ஆனால் அவர்கள் கையில் எழுத்து இருந்தது என்பதை மறக்கக் கூடாது. வெறும் பேட்டியோடு நின்றவனுக்கு எந்தச் சங்கமும் மனு எழுத இயலாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணியாளருக்கு நியமனக் கடிதம் தரவேண்டும் என்று விதிக்கின்றன. நல்லதுதான், ஆயினும் அது சேர்ந்தவனுக்கு, காத்திருப்பவனுக்கு அன்று. பேட்டி கண்டவனுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று தனியார் நிறுவனத்தைக் கட்டும் சட்டம் நம் நாட்டில் இல்லை. கனடாவில், நம் தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவை உள்ளடக்கிய ஒன்டாரியோ மாகாணம் அப்படி ஒன்றைச் செய்திருக்கிறது. 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் பொது விளம்பரம் செய்து பேட்டி கண்டால், பேட்டி முடிந்த 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்பதைத் தெரிவிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. வேலை கொடு என்று அச்சட்டம் சொல்லவில்லை. வாயைத் திற என்று மட்டுமே சொல்கிறது. அதற்கே ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது!

அரசு வேலையில் நமக்கு ஒரு பிடி உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நம் மதிப்பெண் என்ன, தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதலாம். மத்திய அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். பொதுவாக 30 நாளுக்குள் மறுமொழி தரவேண்டும். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே பதவி உரிமையாகிவிடாது என்று 1991-இல் சங்கர்சன் தாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் காரணமின்றி, மனம்போன போக்கில் அரசு பதவியை நிரப்பாமல் விடவும் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

பதில் வராத கடிதங்களைப் பற்றிப் பேசும்போது சீனிவாச இராமானுசனை எப்படி விடுவது? 1912 பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு அவர் எழுத்தர் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். மார்ச் 1-ஆம் நாள் வேலையில் சேர்ந்துவிட்டார். சம்பளம் மாதம் 30 ரூபாய். மூன்று வாரத்தில் முடிந்த காரியம்! ஆனால் தம் கணிதத்தை அவர் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியபோது, பேக்கர், ஹாப்சன் என்ற இரு பேராசிரியர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. அவர்கள் ஏன் கைகொடுக்கவில்லை என்று ஆராய்ந்துகொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்கு எழுதினார். பிப்ரவரியில் மறுமொழி வந்தது. இந்த முயற்சிகள் நடந்த காலமெல்லாம் துறைமுக அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார் என்பதை நான் பிற்பாடு படித்தபோது, செம்பூர்க் கம்பெனியின் கடிதம் என் நினைவுக்கு வந்தது.

அந்தேரி நிறுவனம் எனக்கு எழுதியது மறு ஆண்டு பிப்ரவரியில். அதே பதவிக்கு மீண்டும் பேட்டிக்கு வர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. அப்போது நான் குர்லாவில் வேறோர் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சம்பளம், செம்பூர்க் கம்பெனி தருவதாகச் சொன்னதைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. வர இயலாது என்று அன்றைக்கே இரண்டு வரியில் பதில் எழுதினேன். அம்மாவின் வளையல்களை மீட்க ஜூலை ஆயிற்று.