பழனி பாதயாத்திரை: அம்மா எங்கே வர்றாங்க?

தைப்பூசத்துக்கு அம்மா திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறாங்களா? மணிக்கொரு தடவை போன் பண்ணி "எங்கம்மா இருக்க?" என்று கேட்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அதிகபட்சம் 8 மணி நேரம்தான். ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்தால் விடிகாலை 5 மணிக்கு நின்றுவிடும். அதனால் கூகுள் மேப்ஸே மேல். அம்மா போனில் மேப்ஸைத் திறந்து, மேலே உள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டு, 'இருப்பிடப் பகிர்வு' போங்க. உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து, நீங்களே நிறுத்தும் வரை என்று வையுங்க. மேப்ஸுக்கு லொக்கேஷன் அனுமதி எல்லா நேரமும் இருக்கணும். பேட்டரி சேவரை அணைச்சிடுங்க. பெரும்பாலும் அதுதான் காலை வாரும். பவர் பேங்க்கும் கொடுத்து அனுப்புங்க.

மேப்பில் புள்ளியை மட்டும் பார்க்காதீங்க, அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தையும் பாருங்க. டவர் கிடைக்காவிட்டால் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும். (நடுக்கடலில் டவரே கிடையாது, அதனால்தான் விசைப்படகுகளுக்கு இஸ்ரோவின் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்.) ரொம்ப நேரமாகப் புள்ளி நகரலை, போனும் எடுக்கலையா? கூட நடப்பவரைக் கூப்பிடுங்க; அவர் நம்பரைக் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்க. அவசரம் என்றால் 112. கடைசியாகத் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்க.

வீடு திரும்பியதும் அம்மா போனில் பகிர்வை நிறுத்திடுங்க.