சிதறும் ஒளியும் சூரிய சக்தித் திட்டமும்

நமது நாட்டின் பெரும்பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது நாளொன்றுக்குச் சராசரியாக 4 முதல் 7 கிலோவாட் மணி வரை சூரிய சக்தி விழுகிறது. இது பலரும் அறிந்த கணக்கு. ஆனால் அந்தச் சக்தி எந்த வடிவில் வந்து சேருகிறது என்பது அதே அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. ஒரு பகுதி சூரியனிலிருந்து நேர்கோட்டில் வந்து, தெளிவான நிழலை உண்டாக்குகிறது. மற்றொரு பகுதி காற்று, தூசு, புகை, மேகம் ஆகியவற்றால் சிதறடிக்கப்பட்டு, வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. முன்னதை நேர்க்கதிர் என்றும், பின்னதைச் சிதறிய ஒளி என்றும் இங்கே குறிப்பிடுவோம். இவ்விரண்டின் விகிதம் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. ஓர் இடத்தில் எவ்வகைச் சூரியக் கருவி பயன் தரும் என்பதை நிர்ணயிப்பது மொத்த அளவு மட்டுமன்று. இந்த விகிதமும் ஆகும்.

காற்றும் நீல வானமும்

வாயு மண்டலத்தின் உச்சியில், கதிருக்கு நேர் செங்குத்தாக வைத்த ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1361 வாட் சூரிய சக்தி விழுகிறது. அங்கிருந்து தரைக்கு வரும் வழியில் ஒளி முதலில் சந்திப்பது காற்றின் மூலக்கூறுகளை. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் இவை மிக மிகச் சிறியவை. இத்தகைய நுண்பொருள்களால் ஏற்படும் சிதறல், அலைநீளத்தின் நான்காவது படிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்பதை ராலே பிரபு 1871ஆம் ஆண்டில் கணித முறையில் விளக்கினார். இதன்படி, 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாகச் சிதறுகிறது. வானம் நீலமாகத் தோன்றுவது இதனால்தான். மாலையில் கதிர் வாயு மண்டலத்தைச் சாய்வாக, மிக நீண்ட தூரம் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறி விலகிவிட, எஞ்சிய செந்நிறமே கண்ணை வந்து அடைகிறது.

இத்துறையில் இந்தியாவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே கருதியிருந்தார். 1921ஆம் ஆண்டில் கப்பலில் நாடு திரும்பிய சர். சி. வி. இராமன், கடற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியைப் பட்டகத்தால் நீக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருப்பதைக் கண்டார். நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற அவரது ஆராய்ச்சி, 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அறியப்பட்ட இராமன் விளைவில் சென்று முடிந்தது. ஆனால் இராமன் விளைவில் ஒளியின் அலைநீளமே மாறுகிறது. அவ்வாறு மாறுவது மிகச் சிறிய பங்கே. வானத்தின் நீலத்துக்குக் காரணமான சிதறலில் அலைநீளம் மாறுவதில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தூசும் புகையும்

காற்று மட்டுமே இருந்தால் வானம் எங்கும் ஆழ்ந்த நீலமாக இருக்கும். லடாக்கில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே போன்ற இடங்களில் அவ்வாறே காண்கிறோம். சமவெளியில் நிலைமை வேறு. பாலைவனத் தூசு, அடுப்புப் புகை, வாகனப் புகை, அனல்மின் நிலையங்களின் வெளியேற்றம், கடல் உப்பு ஆகியவை காற்றில் கலந்துள்ளன. இத்துகள்கள் பெரும்பாலும் ஒளியின் அலைநீளத்துக்கு ஒப்பான அளவோ, அதைவிடப் பெரிய அளவோ உடையவை. ராலேயின் விதி இவற்றுக்குப் பொருந்தாது. இவ்வகைக் கோளத் துகள்களின் சிதறலுக்கான முழுக் கணக்கை 1908ஆம் ஆண்டில் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானிய அறிஞர் வகுத்தளித்தார்.

இச்சிதறலுக்கு இரு முக்கிய இயல்புகள் உண்டு. முதலாவது, நிறங்களுக்கிடையே வேறுபாடு குறைவு. ஆகவே வானம் வெளிறிப் பால் நிறம் கொள்கிறது. இரண்டாவது, ஒளி பெரும்பாலும் முன்னோக்கியே சிதறுகிறது. ஆகவே தூசு மிகுந்த நாளில் சூரியனைச் சுற்றி ஒரு வெண்ணிற ஒளிவட்டம் பரவி நிற்கும். இதைக் கொண்டு எவரும் காற்றின் தூய்மையை மதிப்பிடலாம். ஒரு கட்டடத்தின் விளிம்பால் சூரியனை மறைத்துக் கொண்டு, அதை நேராகப் பார்க்காமல், அதன் அருகிலுள்ள வானத்தை மட்டும் பார்க்க வேண்டும். விளிம்பு வரை நீலம் தெரிந்தால் காற்று தூயது; கண்ணைக் கூசச் செய்யும் வெண்மை தெரிந்தால் துகள்கள் மிகுதி.

சிதறல் வேறு, உறிஞ்சல் வேறு. சிதறிய ஒளியில் பெரும்பகுதி வேறு வழியாகத் தரைக்கு வந்துவிடும். ஆனால் புகைக்கரி ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கிவிடுகிறது. அந்த ஒளி தரைக்குக் கிடைப்பதில்லை. 1999ஆம் ஆண்டில் பல நாடுகள் சேர்ந்து இந்துமாக் கடலில் நடத்திய ஆய்வு, தெற்காசியாவிலிருந்து பரவும் புகைமூட்டம் கடற்பரப்பை அடையும் சூரிய ஒளியைக் கணிசமாகக் குறைப்பதை எடுத்துக்காட்டியது. பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வைக்கோல் தாள் எரிப்பதால் எழும் புகையும், அதைத் தொடர்ந்து வரும் பனிக்காலப் பனிமூட்டமும் கங்கைச் சமவெளியில் நேர்க்கதிரை வெகுவாகக் குறைக்கின்றன.

மேகம் செய்யும் வேலை

மேகத்தின் நீர்த்துளி பொதுவாகச் சுமார் 10 மைக்ரான் ஆரம் உடையது. ஒளியின் அலைநீளத்தைவிட இது பன்மடங்கு பெரிது. எனவே எல்லா நிறங்களும் ஏறக்குறையச் சமமாகச் சிதறுகின்றன. மேகம் வெண்மையாகத் தெரிகிறது. ஓர் ஒளிக்கற்றை தடித்த மேகத்துக்குள் புகுந்தால் துளிக்குத் துளி மோதிப் பலமுறை திசை மாறுகிறது. முடிவில் அதன் பெரும்பகுதி மேல்நோக்கியே திரும்பி விண்வெளிக்குச் சென்றுவிடுகிறது. கீழே நிற்பவருக்கு அம்மேகத்தின் அடிப்புறம் கருமையாகத் தோன்றுவதற்குக் காரணம், நீர் கறுப்பு என்பதன்று. அவ்வழியே வரும் ஒளி குறைவு என்பதே.

மெல்லிய மேகத்தின் செயல் மாறுபட்டது. நேர்க்கதிரை அது பெரிதும் குறைத்தாலும், சிதறிய ஒளியைப் பெருக்கிவிடுகிறது. மேகங்கள் விட்டு விட்டு மிதக்கும் நாளில் இன்னொரு விந்தையும் நிகழ்கிறது. மேகங்களின் இடைவெளியில் சூரியன் தெரியும்போது, நேர்க்கதிரோடு மேகங்களின் பக்கங்களிலிருந்து சிதறும் ஒளியும் சேர்வதால், சில நிமிடங்களுக்கு முழுத் தெளிவான வானத்தைவிட அதிக ஒளி தரையில் விழக்கூடும். அடுத்த நிமிடமே அது பாதிக்கும் கீழே இறங்கலாம். மின்தொகுப்பை நடத்துவோர் இந்த ஏற்றத்தாழ்வைக் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

ஒரு சிறு கணக்கு

இவ்வளவும் திட்டமிடுவோருக்கு ஏன் தேவை என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு தெளிந்த நாளில் நேர்க்கதிர் 800 வாட், சிதறிய ஒளி 120 வாட் என்க. சமதரையில் விழும் மொத்தம், 800ஐ 0.866ஆல் பெருக்கி 120ஐக் கூட்டினால், ஏறத்தாழ 813 வாட். மறுநாள் தூசும் மென்மேகமும் சூழ்ந்து, நேர்க்கதிர் 400 வாட்டாகக் குறைந்து, சிதறிய ஒளி 330 வாட்டாக உயர்ந்தது என்க. அப்போது மொத்தம் 676 வாட். சமதரையில் கிடத்திய ஒளிமின் பலகைக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 17 சதவிகிதம். ஆனால் கண்ணாடிகளால் கதிரைக் குவித்து வெப்பம் உண்டாக்கும் நிலையத்துக்கு இழப்பு 50 சதவிகிதம். ஏனெனில் குவியாடி நேர்க்கதிரை மட்டுமே குவிக்க வல்லது. பல திசைகளிலிருந்து வரும் ஒளியை அதனால் ஒரு புள்ளிக்குக் கொண்டுவர இயலாது.

அளந்தறிந்த வரலாறு

ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். பைரனோமீட்டர் என்னும் கருவி வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை அளக்கிறது. அதன் மீது சூரியனை மட்டும் மறைக்கும் வளையத்தைப் பொருத்தினால் சிதறிய ஒளி தெரியும். பைர்ஹீலியோமீட்டர் ஒரு குறுகிய குழாயின் வழியே நேர்க்கதிரை மட்டும் அளக்கிறது.

நமது நாட்டில் இப்பணிக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918ஆம் ஆண்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் இராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1948ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்கு வழிசெய்தார். 1957-58ஆம் ஆண்டின் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டிக் கதிர்வீச்சு அளவை நிலையங்கள் நாட்டில் ஏற்பட அவர் உழைத்தார். 1980ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது இந்தியச் சூரியக் கதிர்வீச்சுப் புள்ளிவிவரக் கையேடு, இத்துறையினருக்கு அடிப்படை நூலாயிற்று. சூரிய மின்சாரம் எட்டாக்கனியாக இருந்த காலத்திலேயே அதற்கான கணக்கு எழுதப்பட்டுவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அனுபவம் தரும் பாடம்

2010ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சூரிய சக்தி இயக்கத்தின் முதற் கட்டத்தில், கதிர் குவிக்கும் வெப்ப நிலையங்களுக்கென 470 மெகாவாட் திறனுள்ள 7 திட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இராஜஸ்தானில் நோக் என்ற இடத்தில் 50 மெகாவாட் நிலையம் 2013ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஆனால் திட்டங்களுள் சிலவே நிறைவேறின. செலவு, உபகரணத் தட்டுப்பாடு போன்ற காரணங்களோடு மற்றொன்றும் உண்டு: செயற்கைக்கோள் மதிப்பீடுகளை நம்பிக் கணக்கிட்ட நேர்க்கதிர், நிலத்தில் அளந்தபோது குறைவாக இருந்தது. தூசின் பங்கு முழுமையாக உணரப்படவில்லை. 2011ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இன்றைய தேசிய காற்றாற்றல் நிறுவனம், நாடெங்கும் 51 அளவை நிலையங்களை அமைத்து மொத்த ஒளி, சிதறிய ஒளி, நேர்க்கதிர் மூன்றையும் பதிவு செய்யத் தொடங்கியது. அளவீடு முந்தி, முதலீடு பிந்தி வருவதே முறை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இதற்கிடையே ஒளிமின் பலகைகளின் விலை பெரிதும் வீழ்ந்தது. 2025 ஜனவரி இறுதியில் நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் 100 கிகாவாட்டைக் கடந்தது. அதில் ஏறக்குறைய முழுவதும் ஒளிமின் பலகைகளே. மழைக்காலத்திலும் சிதறிய ஒளியைக் கொண்டு ஓரளவு மின்சாரம் தருவது அவற்றின் சிறப்பு. எனினும் குவியாடிகளுக்கு இடமில்லை என்பதன்று. தெளிந்த வானமுள்ள இடங்களிலும், பெருமளவு நீராவி தேவைப்படும் சமையற்கூடங்களிலும் அவை பயன்படுகின்றன. வீட்டுச் சமையலுக்கும் இதே விதிதான். பெட்டி வடிவச் சூரிய அடுப்பு, மங்கலான வெயிலிலும் மெதுவாக வேலை செய்யும். கிண்ண வடிவ அடுப்புக்கு நிழல் விழும் வெயில் இன்றியமையாதது.

பயிருக்கும் இது பொருந்தும். நேர்க்கதிர் மேலிலைகளிலேயே தங்கிவிடுகிறது. சிதறிய ஒளி பல பக்கங்களிலிருந்து நுழைந்து கீழிலைகளையும் எட்டுகிறது. எனினும் மூட்டம் அளவுமீறினால் மொத்த ஒளியே குறைந்து விளைச்சல் பாதிக்கப்படும்.

காற்றைத் தூய்மையாக வைப்பது மக்களின் நுரையீரலைக் காக்கும் பணி மட்டுமன்று. மின் உற்பத்தியைப் பெருக்கும் பணியுமாகும். புதிய சூரிய நிலையத்துக்கு நிலம் தேடும் ஒவ்வொரு மாவட்டமும், தன் வானத்திலிருந்து எவ்வளவு ஒளி நேராகவும் எவ்வளவு சிதறியும் வருகிறது என்பதை ஓராண்டுக் காலமேனும் அளந்தறிந்து, அதன் பிறகு கருவியைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனமான வழியாகும்.