தொழிலை வளர்க்க யார் பணம்? மூன்று சுயசரிதைகள் காட்டும் மூன்று வழிகள்

தொழில் தொடங்கியாயிற்று, சரக்கும் விற்கிறது. அடுத்த கட்டத்துக்குப் பணம் வேண்டும். கடன் வாங்குவதா, பங்கு விற்பதா, வரும் லாபத்தை வைத்தே மெல்ல வளர்வதா? மூன்று அமெரிக்கத் தொழிலதிபர்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்த விதத்தை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள். மூவரும் வென்றவர்கள். ஆகவே, எந்த வழி உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது எந்தத் தொழிலுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே பயன் தரும்.

கடன்: ஃபில் நைட்

நைக்கியை நிறுவியவரின் ‘ஷூ டாக்’ 2016இல் வெளிவந்தது. 1964இல் நைட்டும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மேனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு, ஜப்பானின் ஒனிட்சுகா காலணிகளை இறக்கி விற்றார்கள். விற்ற பணம் முழுவதும் அடுத்த ஆர்டருக்குப் போகும். போதாததற்கு வங்கிக் கடன். விற்பனை ஏறிக்கொண்டே போனாலும் கையில் காசு தங்கவில்லை. 1975இல் காசோலைகள் திரும்பின; வங்கி உறவை முறித்துக்கொண்டது. ஏற்கெனவே சரக்குக்குக் கடன் தந்துவந்த நிஷோ இவாய் என்ற ஜப்பானிய வணிக நிறுவனம் வங்கிப் பாக்கியை அடைத்ததால்தான் நைக்கி பிழைத்தது.

சரக்குக்கு முன்பே பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து விற்கும் தொழிலில் கடனைத் தவிர்ப்பது கடினம். வாங்குங்கள், ஆனால் ஒரே வங்கியை நம்பி இருக்காதீர்கள். உங்கள் வியாபாரத்தை உள்ளிருந்து அறிந்த இன்னொருவரும் கடன் தருபவராக இருக்கட்டும்.

பங்கு: சாம் வால்டன்

வால்மார்ட்டை நிறுவிய வால்டனின் ‘மேட் இன் அமெரிக்கா’ 1992இல் வந்தது. 1945இல் மாமனாரிடம் 20,000 டாலர் கடன் பெற்று, தன் 5,000 டாலரையும் சேர்த்து, ஆர்கன்சா மாநிலத்து நியூபோர்ட்டில் கடை வாங்கினார். கடை நன்றாக ஓடியது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும் உரிமை இல்லை. கட்டட உரிமையாளர் மறுத்ததும் ஊரைவிட்டுப் போய் பென்டன்வில்லில் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. முதல் வால்மார்ட் 1962இல் திறந்தது. கடைகள் பெருகப் பெருகக் கடனும் பெருகியது. 1970இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்று அந்தச் சுமையை இறக்கினார். பெரும்பான்மைப் பங்கு குடும்பத்திடமே இருந்தது.

ஒரு கடையில் பலித்த முறையை அப்படியே பல ஊர்களுக்குக் கொண்டுபோக முடிகிறவர்களுக்கு ஏற்ற வழி இது. காலத்தைக் கவனியுங்கள்: பங்கை வெளியே விற்பதற்குமுன் அவர் 25 ஆண்டுகள் கடை நடத்தியிருந்தார். முறை நிரூபணமாகுமுன் விற்கும் பங்கு மலிவாகத்தான் போகும்.

சொந்த லாபம்: இவான் ஷுனார்ட்

பேட்டகோனியா ஆடை நிறுவனத்தை உருவாக்கிய ஷுனார்ட், பாறை ஏறுபவர்களுக்கான இரும்பு முளைகளைத் தானே உலையில் அடித்து விற்றவர். அந்த முளைகள் பாறையைச் சிதைக்கின்றன என்று கண்டதும், வியாபாரத்தில் பெரும்பங்கு அதுவே என்று தெரிந்தும், 1972இல் மாற்றுக் கருவிகளை முன்னிறுத்தினார். முதலீட்டாளர் ஒருவருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தால் அப்படி ஒரு முடிவு எளிதில் நடந்திராது.

அவரும் ஒருமுறை வேகத்துக்கு ஆட்பட்டார். எதிர்பார்த்த விற்பனை வராமல், வங்கியும் கடன் வரம்பைச் சுருக்கியபோது, 1991இல் ஊழியர்களில் 20 சதவீதமான 120 பேரை அனுப்ப நேர்ந்தது. அதன்பின் வளர்ச்சியைத் தானே கட்டுக்குள் வைத்தார். 2005இல் வந்த ‘லெட் மை பீப்பிள் கோ சர்ஃபிங்’ இதை விரிவாகச் சொல்கிறது. தரமும் கொள்கையுமே விற்பனைக்கு ஆதாரமான தொழிலுக்கு இதுவே தகுந்த பாதை.

எதைத் தேர்வது?

மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை காணுங்கள். சரக்குக்குப் பணம் கட்டிய நாளுக்கும் விற்ற பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம்? நீண்டதென்றால் நைட்டைப் படியுங்கள். நீங்கள் இல்லாமலே இரண்டாவது கிளை லாபம் தருமா? தருமென்றால் வால்டன். எந்த விலைக்கும் விட்டுத்தர முடியாத கொள்கை உண்டா? உண்டென்றால் ஷுனார்ட்.

எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: தெளிவான விடை கிடைக்காதவர்கள் சொந்த லாபத்தில் தொடங்குவதே நல்லது. பிறகு கடனுக்கோ பங்குக்கோ மாறலாம். விற்ற பங்கைத் திரும்ப வாங்குவதுதான் கடினம்.